கண்ணுக்கு இமை இருக்கு, காதுக்கு?



போன தை மாசம் ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "அம்மா, காசு வேணும், நோட்டு வாங்கணும்" என்று கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து என் காதைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி உள்ளே பார்த்தார்கள். "காதுல என்ன சாமி, வலிக்குதா?" என்றார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நடந்து வரும்போது எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு. ஏன்னா எங்க அப்புச்சிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சதாம். இப்போ அப்புச்சிகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னா தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தணும். அவர் பதிலுக்கு வேற ஏதோ சொல்லுவார்.

அப்புச்சி 30 வருஷம் விசைத்தறி ஓட்டியவர். அம்மா 11 வருஷமா ஓட்டுறாங்க. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் இருக்கிற நமக்குத் தறிச் சத்தம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தத் தாளைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ தறிக்குத்தான் போறாங்க. அதனால் இந்த மாதச் சுவர் இதழுக்குத் தமிழ் ஐயா கவிதை கேட்டாலும் நான் காதடைப்பான் (இயர் பிளக் என்று கடையில் சொல்வார்கள்) பற்றி எழுதுகிறேன். ஐயா மன்னிக்கவும்.

முதலில் காசு எப்படிக் காது ஆனது என்று பார்ப்போம். நம் உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கிறது. காக்ளியா என்று பெயர். அதற்குள்ளே திரவம், அந்தத் திரவத்தில் நுண்ணிய முடி வைத்த செல்கள். ஒரு காதுக்கு சுமார் 15,000 செல்கள்தான். ஒலி வந்தால் திரவம் அசையும், முடிகள் சாயும், அது மின் சைகையாக மூளைக்குப் போகும். புல்தரையில் ஒரு தடவை நடந்தால் புல் மடங்கி மறுபடி நிமிர்ந்து விடும். தினமும் நூறு பேர் நடந்தால்? ஒத்தையடிப் பாதை ஆகிவிடும், அங்கே புல் முளைக்காது. பெரிய சத்தம் தினமும் கேட்டால் காதுக்குள்ளும் அதே கதைதான். மனுஷனுக்கு இந்தச் செல் செத்தால் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்குமாம்! (இதைப் படிச்சப்போ எனக்குக் கோழி மேல பொறாமையா இருந்துச்சு.)

இதில் ஒரு சூழ்ச்சி என்னவென்றால், எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் சாகாது. பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுக் குரல் பக்கம் உள்ளவைதான் முதலில் போகும். 'ஆ', 'உ' போன்ற உயிர் ஓசைகள் தாழ்ந்த சுருதியில் பலமாக இருக்கும். 'சு' என்று சீறுகிற ஓசை உயர்ந்த சுருதி, பலமும் குறைவு. அதனால் அம்மாவுக்குக் 'கா' கேட்டது, கடைசியில் 'உ' கேட்டது, நடுவில் இருந்த 'ச்' விழுந்து போச்சு. மூளை தானாக ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொண்டது. தறிக்குப் போறவங்க "கேக்குது, ஆனா புரியல"ன்னு சொல்வாங்களே, அது சாக்கு இல்லைங்க, நிஜம்.

அரசு மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிப் போனோம். காதில் ஹெட்போன் மாட்டி, பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அதை வைத்து ஒரு வரைபடம் போட்டார்கள். கோடு நேராகப் போய் 4000 பக்கத்தில் பள்ளம் மாதிரி இறங்கி இருந்தது. "போனது திரும்பி வராதும்மா. மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம். காதுக்கு ஏதாச்சும் அடைச்சுக்கிட்டு வேலை செய்யுங்க"ன்னு டாக்டர் சொன்னார். ஏதாச்சும் என்றால் எது? அதைத் தேடித்தான் நானும் அம்மாவும் இரண்டு மாசம் அலைந்தோம்.

எங்க அறிவியல் டீச்சர் தன் போனில் ஒலி அளக்கிற செயலி வைத்திருக்கிறார்கள். நம்ம வகுப்பு, டீச்சர் பாடம் நடத்தும்போது 62 டெசிபல் காட்டியது. டீச்சர் இல்லாதபோது எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். அம்மாவின் தறிப்பட்டறைக்குள் 96, 97, 98 என்று ஆடிக்கொண்டே இருந்தது. போன் காட்டுவது துல்லியம் இல்லை, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும் என்று டீச்சர் சொன்னார்கள். நான் 97 என்று வைத்துக்கொள்கிறேன்.

62க்கும் 97க்கும் 35 தானே வித்தியாசம் என்று நினைக்காதீங்க. டெசிபல் கணக்கு கூட்டல் மாதிரி ஏறாது, பெருக்கல் மாதிரி ஏறும். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. அதனால் காதுக்கு ரேஷன் அளந்தவர்கள் இப்படி வைத்திருக்கிறார்கள்: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94 என்றால் 1 மணி. 97 என்றால்? அரை மணி நேரம்! அம்மாவின் ஷிப்ட் 12 மணி நேரம். காலை 8 மணிக்கு உள்ளே போனால் எட்டரைக்கே அன்றைய ரேஷன் தீர்ந்து போகிறது.

பட்டறையில் யாரும் சும்மா இல்லை. பஞ்சுக்கா பஞ்சம்? கழிவு நூலையோ பஞ்சையோ உருட்டி எல்லாரும் காதில் வைத்துத்தான் இருக்கிறார்கள். அம்மாவும் 11 வருஷம் அப்படித்தான். ஆனால் பஞ்சு வழியாகக் காற்று போகும். காற்று போகிற வழியில் சத்தமும் போகும். ஏழெட்டு டெசிபல் குறைந்தாலே அதிகம். 97, 90 ஆகும், அவ்வளவுதான். அடைச்சிருக்கோம் என்ற தைரியம் மட்டும் முழுசா வந்துவிடும். சில சமயம் பஞ்சு பிய்ந்து உள்ளேயே தங்கியும் விடும்.

காதை அடைப்பது புது யோசனை இல்லை. கிரேக்கக் கதை ஒன்றில், மயக்கும் பாட்டு கேட்காமல் இருக்கக் கப்பல்காரர்கள் காதில் தேன்மெழுகு வைத்துக்கொள்கிறார்கள். 1907-ல் ஜெர்மனியில் மாக்ஸ் நெக்வெர் என்ற மருந்துக்கடைக்காரர் மெழுகையும் பஞ்சையும் சேர்த்துக் காதடைப்பான் செய்தார். இன்று கடைகளில் பார்க்கிற ஸ்பாஞ்ச் வகை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்தது.

நாங்கள் முதலில் வாங்கியது அந்த ஸ்பாஞ்ச்தான். ஆரஞ்சு நிறம், தோட்டா வடிவம், ஜோடி 15 ரூபாய். அட்டையில் என்.ஆர்.ஆர். 32 என்று போட்டிருந்தது. 32 டெசிபல் குறைக்குமாம். அம்மா ஒரே நாளில் "இது பஞ்சை விட மோசம், கீழ விழுந்துட்டே இருக்கு"ன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. தப்பு ஸ்பாஞ்சில் இல்லை. நாங்கள் போட்ட விதத்தில்.

சரியாகப் போடும் முறை இதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். ஸ்பாஞ்சை விரல்களுக்கு நடுவில் வைத்து, ஊதுபத்தி மாதிரி மெல்லிசா, மடிப்பு விழாமல் உருட்டணும். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டு வந்து காதின் மேல் பகுதியைப் பிடித்து மேலேயும் பின்னாலேயும் இழுக்கணும். காதின் பாதை வளைந்து இருக்கும், இழுத்தால் நேராகும். உடனே உள்ளே விட்டு, விரலால் அப்படியே பிடித்துக்கொண்டு 30 எண்ணணும். உள்ளே போய் அது மெதுவாக உப்பி, காதின் வடிவத்துக்கே வந்துவிடும். பக்கத்தில் ஒட்டியிருக்கிற படத்தைப் பாருங்க (என் தோழி வரைந்தது, மூக்கு கொஞ்சம் பெரிசாயிடுச்சு). நேர் முன்னால் இருந்து பார்த்தால் ஸ்பாஞ்சின் பெரும் பகுதி வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அது காதில் இல்லை, காதுக்கு வெளியே கம்மல் மாதிரி தொங்குகிறது என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் இருக்கு. சத்தம் உள்ள இடத்தில் நின்று இரண்டு உள்ளங்கையாலும் காதை மூடி மூடித் திறங்க. மூடினாலும் திறந்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் அடைப்பு சரி. கையை வைத்ததும் சத்தம் நல்லாக் குறைஞ்சா, உள்ளே ஓட்டை இருக்கு, கழற்றி மறுபடி போடுங்க. சரியாகப் போட்டால் உங்கள் குரலே குடத்துக்குள் பேசுற மாதிரி உங்களுக்குக் கேட்கும். அது கோளாறு இல்லை, அடையாளம்.

இதையெல்லாம் கற்றுக்கொண்டு இரண்டாவது தடவை போட்டபோது ஸ்பாஞ்ச் பிரமாதமாக வேலை செய்தது. வீட்டில்! பட்டறையில் வேறு பிரச்சினை. சாப்பிட, டீ குடிக்க, மேஸ்திரி கூப்பிட்டால் பேச என்று கழற்ற வேண்டியிருக்கும். மறுபடி போடும்போது கை பூரா எண்ணெயும் பஞ்சுத் தூசியும். அந்தக் கையால் ஸ்பாஞ்சை உருட்டினால் அழுக்கு நேராகக் காதுக்குள்ளே போகும். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவ யாருக்கு நேரம்? அம்மா மறுபடி பஞ்சுக்குப் போய்விட்டார்கள்.

அட்டையில் உள்ள எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஆய்வுக்கூடத்தில் ரொம்பக் கவனமாகப் போட்டு அளந்தது. நிஜ வேலையில் அதில் பாதி கிடைக்கும் என்று கணக்குப் போடுவதுதான் பத்திரம். 32 என்றால் 16. அப்போ 97, 81 ஆகும். நல்லாப் போட்டால் இன்னும் அதிகமாகவே கிடைக்கும். ஆனால் கழற்றி வைத்த நேரத்துக்குப் பூஜ்யம்தான். அந்த ரேஷன் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க: 97-ல் அரை மணி கழற்றி வைத்தாலே ஒரு நாள் ரேஷன் முழுசும் போச்சு. அதனால 32 என்று எழுதியதை அரை நாள் போடுவதை விட, 25 என்று எழுதியதை நாள் பூரா போடுவது மேல். கடைக்காரர் பெரிய எண்ணாகத்தான் காட்டுவார். நாம் "இதை 12 மணி நேரம் போட்டுட்டு இருக்க முடியுமா?" என்று கேட்கணும்.

தலையில் மாட்டுகிற ஹெட்போன் மாதிரி மூடியும் இருக்கிறது. போடுவது, எடுப்பது சுலபம். அம்மா கடையிலேயே ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷத்தில் காதைச் சுற்றி வேர்த்துவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாசம் இதை யார் போடுவது? அதோடு தோடும் மாட்டலும் அழுத்தி வலித்தது. முடியோ மாட்டலோ நடுவில் மாட்டினால் இடைவெளி விழுந்து சத்தம் உள்ளே போகும். தோட்டைக் கழற்றச் சொன்னா அம்மா என்னைக் கழற்றிடுவாங்க.

கடைசியாக வந்தது ரப்பர் மாதிரி மெத்தென்ற சிலிக்கோன் வகை. மூன்று குடையை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கிய மாதிரி, சின்னக் கோபுரம் போல இருக்கும். பின்னால் பிடித்துக்கொள்ளக் காம்பு. உருட்ட வேண்டாம். காம்பை மட்டும் பிடித்து, காதை மேலே இழுத்து, லேசாகத் திருகித் தள்ளினால் போதும். விரல் உள்ளே போகிற பகுதியைத் தொடாது. சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தால் மறுநாளுக்கு ரெடி. ஜோடி 40 ரூபாய். முதலில் வாங்கியது பெரிசு, மதியத்துக்குள் வலி எடுத்துவிட்டது. நிறையப் பெண்களுக்குக் காதுத் துவாரம் சின்னது. கேட்டு வாங்கினால் சின்ன அளவும் உண்டு. இரண்டு காதுக்கும் இரண்டு அளவு தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்களாம். வலித்தால் "பழகிடும்"னு விட்டுடாதீங்க. வலிக்கிற அடைப்பானை யாரும் முழு ஷிப்ட் போட மாட்டார்கள்.

அதோடு ஒரு கயிறு வரும், கழுத்தில் தொங்கப் போட்டுக்கொள்ள. தொலையாது என்று கடைக்காரர் சொன்னார். அம்மா வாங்கியவுடன் கத்தரியை எடுத்து வெட்டிவிட்டார்கள். சேலைத் தலைப்பையே இழுத்துச் செருகிக்கொண்டு வேலை செய்கிற இடத்தில் கயிறு தொங்கலாமா? ஓடுகிற சக்கரம், பெல்ட் பக்கத்தில் வேலை செய்பவர்கள் கயிறு இல்லாததைத்தான் வாங்க வேண்டும். இது எனக்குத் தோணவே இல்லை, அம்மாவுக்குத்தான் தோன்றியது.

ஆனாலும் அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. "காதை அடைச்சுட்டா தறி நின்னா எப்படித் தெரியும்? நூல் அறுந்தா, நாடா மாட்டினா சத்தத்துலதான் சாமி எனக்குத் தெரியும்." நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, டீச்சரிடம் கேட்டேன். கூலிங் கிளாஸ் போட்டால் எல்லாமே ஒரே அளவு மங்கும், ஆனாலும் ஆளும் மரமும் தெரியும் இல்லையா, அது மாதிரி என்றார்கள். இரைச்சலும் குறையும், தறி மாறுகிற ஓசையும் அதே அளவு குறையும், வித்தியாசம் மட்டும் அப்படியே இருக்கும். ஒரு வாரத்தில் அம்மா பழகிவிட்டார்கள். முதல் இரண்டு நாள் தறியை அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். ஏற்கெனவே காது மந்தமாகிவிட்டவர்களுக்கு மட்டும் இது முழுசாகப் பொருந்தாது. அவர்கள் அளவுக்கு மீறி அடைத்தால் வேண்டிய சத்தமும் காணாமல் போகலாம். அதனால்தான் பெரிய எண்ணே நல்லது என்று வாங்கக்கூடாது. காதுக்குள் போகிற சத்தம் 75, 80க்கு வந்தால் நல்லது. 70க்கும் கீழே போனால் ஆள் கூப்பிட்டாலும் கேட்காமல் தனித்துப் போவோம்.

தறி தவிர மற்ற உபயோகத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்களுக்கு ஸ்பாஞ்ச்தான் சிறந்தது. ஒருக்களித்துப் படுத்தால் காம்பு வைத்தது குத்தும், மெத்தென்ற குட்டை ஸ்பாஞ்ச் குத்தாது. ஆனால் முனை விரலுக்குச் சிக்காத அளவு உள்ளே தள்ளக்கூடாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வேறு ஆள் முழித்திருந்தால் மட்டும் போடலாம். நான் பரீட்சைக்குப் படிக்கும்போதும் ஸ்பாஞ்ச்தான் போடுகிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத்தான் தடை, தறிக்கு இல்லையே! போட்டுக்கொண்டு முறுக்கு மட்டும் தின்னாதீங்க, தலைக்குள் கல் உடைக்கிற மாதிரி இருக்கும்.

காவிரியிலோ வாய்க்காலிலோ குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமல் இருக்க ஸ்பாஞ்ச் உதவாது, தண்ணீரை உறிஞ்சிவிடும். அதற்குப் பிசைந்த மாவு மாதிரி ஒரு சிலிக்கோன் இருக்கிறது. காதுக்குள் திணிக்காமல், வாசலில் அப்பி மூட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு கிணற்றில் மேலிருந்து குதிப்பதும் ஆழத்துக்கு முங்குவதும் கூடாது. தண்ணீரின் அழுத்தம் அடைப்பானை உள்ளே தள்ளிவிடும். தவில், பறை வாசிப்பவர்களுக்கு என்று நடுவில் வடிகட்டி வைத்த வகை ஒன்று உண்டு. ஸ்பாஞ்ச் கீச்சு ஓசையை அதிகமாக விழுங்கிவிடும், இது எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைக்கும். விலை அதிகம். தீபாவளிக்கு அணுகுண்டு வைக்கிற வீரர்கள் ஸ்பாஞ்ச் போட்டுக்கொண்டு தள்ளி நில்லுங்கள். 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் வெடிக்கக்கூடாது என்பது விதி. 125 என்பதே எவ்வளவு என்று மேலே உள்ள ரேஷன் கணக்கைத் தொடர்ந்து போட்டுப் பாருங்க. பாட்டுக் கேட்கிற இயர்போன் காதடைப்பான் ஆகாது. அதைத் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி வைத்தால் இரண்டு சத்தமும் சேர்ந்து அடிக்கும். ரோட்டில் நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் எந்த அடைப்பானும் வேண்டாம்.

காதில் சீழ், வலி இருப்பவர்களும், சவ்வில் ஓட்டை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் வைக்காதீர்கள். அழுக்கு எடுக்கிறேன் என்று ஊக்கு, கோழி இறகு, பட்ஸ் விடுவதும் வேண்டாம், அழுக்கு உள்ளே தள்ளிப் போய் அடைத்துக்கொள்ளும். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுங்க. ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக்கூடாது. ஸ்பாஞ்ச் அழுக்கானாலோ, உருட்டினால் உப்பாமல் கிடந்தாலோ தூக்கிப் போட்டுடலாம்.

அம்மா இப்போ நாலு மாசமா ரப்பர் வகையைப் போடுறாங்க. பட்டறை முதலாளியிடம் எல்லாருக்கும் வாங்கித் தரக் கேட்டதற்கு "இத்தனை வருஷம் இல்லாம இப்ப என்ன புதுசா"ன்னு சொல்லிட்டாராம். அதனால் கூட வேலை செய்கிற ஆறு அக்காக்கள் தாங்களே காசு போட்டார்கள். நானும் அம்மாவும் போய் வாங்கி வந்தோம், நாலு பேருக்குச் சின்ன அளவு. போன வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்க்க அம்மாவின் பின்னால் நின்று மெதுவாக "காசு" என்றேன். இன்னும் காது என்றுதான் கேட்குது. ஆனால் ஷிப்ட் முடிந்து வந்ததும் காதுக்குள் "ங்ஙொய்"ன்னு ஒரு சத்தம் ராத்திரி பூரா கேட்குமே, அது இப்போ வர்றதில்லையாம்.

இந்தத் தாளுக்குக் கீழே மூன்று வகையிலும் ஒவ்வொன்று நூலில் கட்டித் தொங்க விட்டிருக்கிறேன். உருட்டிப் பாருங்க, அமுக்கிப் பாருங்க. காதில் மட்டும் வைக்காதீங்க, எல்லார் கையும் பட்டது. உங்க வீட்டுக்கு எந்த அளவு வேணும்னு தெரியணும்னா மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வாங்க, கடை எங்கே இருக்குன்னும் சொல்றேன்.

- ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி